பள்ளத்துத் தண்ணி

— அந்தக் கடப்பாரையக் கீழ வை. கீழ வச்சிட்டு அப்புறமா அக்கான்னு கூப்பிடு.

— கீழ வச்சா சேத்துல முழுகிடும்க்கா. தண்ணி ஆபீஸ் கடப்பாரை.

— அப்ப தோள்லயே வச்சிக்கோ. என் கோரைக்குள்ள ஒரு குத்து விழுந்துச்சு, தம்பின்னுகூட பார்க்க மாட்டேன்.

— நான் சொல்றத மொதல்ல கேளு. காலைல ஊர்த் தண்ணித் தொட்டியடில ஆரம்பிச்சேன். மெயின் பைப்பு போற வழியெல்லாம் கையில இருக்கிற இந்தக் கம்பிய ஊனி, காத வச்சு, ஊனி, காத வச்சு வந்துட்டிருக்கேன். மேட்டுத் தெருவுல சத்தம் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இல்ல. இங்க, உன் பள்ளத்துக் கரையில வச்ச உடனே சொய்ங்குது. நீயே காத வச்சுப் பாரு.

— எனக்கு எதுக்கு? அது ஊத்து.

— ஊத்து சொய்ங்னு கத்தாதுக்கா. லீக்குதான் கத்தும். குழாய் பிட்டர் வேலையில சேர்ந்த நாள்ல இருந்து இந்தக் காது கேக்கற சத்தம்.

— எந்தக் காது? அம்மா தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் கேக்காதே, அந்தக் காதா?

— அது அம்மா கூப்பிட்டது. இது பைப்பு கூப்பிடுது.

— இங்க பாரு குட்டி. இந்தப் பள்ளம் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். ஒரு நாய் உள்ள போனா முள்ளு குத்தாம வெளிய வராது. அந்த முள்மரம் அத்தனையும் வேரோட பிடுங்க வச்சது யாரு?

— நீதான். ஊருக்கே தெரியும்.

— சரிவுல கல்லு அடுக்கி, கரை கட்டி, விழுற மழைய ஓட விடாம மண்ணுக்குள்ள இறக்கினது யாரு? அந்த முள்மரம் உறிஞ்சிட்டிருந்த தண்ணியெல்லாம் இப்ப மண்ணுல மிச்சம். அதான் ஊறி நிக்குது. எங்க திட்ட ஆபீஸ்ல பெரிய படமே போட்டு மாட்டியிருக்கேன்.

— படம் நானும் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதுல எங்க மெயின் பைப்பு எங்க?

— அது எதுக்கு என் படத்துல?

— ஏன்னா அது உன் பள்ளத்துக் கரைக்கு அடியிலதான் போகுது. மேல தொட்டி, கீழ எங்க தெரு, நடுவுல நீ. மழை பெஞ்சு எவ்வளவு நாளாச்சு? ஊர்க் கிணறெல்லாம் வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு. இங்க மட்டும் முழங்கால் தண்ணி. உனக்கே கொஞ்சம் ஓவராத் தெரியல?

— மெதுவாப் பேசு. பெரியவர் பயந்துக்குவார்.

— யாரு பெரியவர்?

— அதோ, கோரைக்குப் பக்கத்துல, அந்தக் கல்லு மேல.

— அக்கா, அது தவளை.

— இந்தச் சுத்து வட்டாரத்துல அந்த ஜாதித் தவளைய யாரும் பார்த்தே ரொம்பக் காலம் ஆச்சு. ஒழிஞ்சே போச்சுன்னு எழுதிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் காலைல நான் வரேன், இவர் தன் வீடு மாதிரி உக்காந்திருக்கார். இப்பக் குடும்பமே இருக்கு.

— என் மீசை நரைச்சாச்சு. என்னை இன்னும் குட்டிங்கற. நேத்து வந்த தவளை பெரியவரா?

— நீ யாரும் தேடிட்டு வர்ற ஆள் இல்லையே. நாளைக்கு மேலிடத்துல இருந்து குழு வருது, பாதிப் பேர் இவரைப் பார்க்கத்தான் வர்றாங்க. குட்டி, சொன்னாக் கேளு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறு. அவங்க பார்த்துட்டு சரின்னு சொன்னா மேல இருக்கிற சரிவு முழுக்க இதே வேலை. வேண்டாம்னா இந்தப் பள்ளத்தை மண்ணு போட்டு மூடி லாரி நிறுத்தப் போறாங்க. உத்தரவு தயாரா இருக்கு. என் உயிரே இதுல இருக்குடா.

— நாளைக்கு மத்தியானம் வரைக்கும் என் உயிர் இருக்கணுமே. தண்ணி இல்லாம வீட்டுக்குள்ள கால வைக்காதீங்கன்னு சொல்லிட்டா. பிட்டர் வீட்டுக் குழாய்லயே தண்ணி இல்லன்னு தெருவே சிரிக்குதாம். அதோ, வர்றா பாரு.

— உன் பொண்டாட்டியா? குடத்தோடயா?

— ரெண்டு குடம். இடுப்புல இருக்கிறது உனக்கு, கையில இருக்கிறது எனக்கு.

— வாம்மா, வா. வழுக்கும், பார்த்து வா.

— அண்ணி, நான் ஒண்ணும் சொல்லல.

— நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.

— நான் ஒண்ணும் சொல்லல அண்ணி. தெருதான் சொல்லுது. மனுஷனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணி இல்ல, உங்க நாத்தனார் தவளைக்குக் குளம் கட்டிக் குடுத்திருக்காங்களாமேன்னு கேக்குது. நான் சிரிச்சிட்டு வந்துட்டேன். குழாய்ல நூல் மாதிரி வருது. ஒரு குடம் நிறையறதுக்குள்ள பக்கத்து வீட்டம்மா ஒரு தூக்கம் போட்டு எழுந்துக்கறாங்க. அதுவும் கலங்கல். மண்வாசனை வேற.

— அந்த மண்வாசனை நல்லாத்தான் இருக்கு. நான் அப்படியே குடிக்கிறேன். ருசியே தனி.

— நீங்க சும்மா இருங்க. காலைல குடத்துல கறுப்பா ஏதோ நெளிஞ்சுது அண்ணி. இவர்கிட்டக் காட்டினா துருங்கறார்.

— பழைய பைப்பு. துரு வரத்தான் செய்யும்.

— துரு நெளியுமாங்க?

— தண்ணி வேகத்துல ஆடும்.

— நூல் மாதிரி வர்ற தண்ணியில ஏது வேகம்?

— நான் பிட்டரா, நீ பிட்டரா?

— நான் ஒண்ணும் சொல்லல. எங்க தெருவாவது தேவல அண்ணி. மேட்டுத் தெருவுல குழாயத் திறந்தா வெறும் காத்துதான் வருதாம். துணி காயப் போடலாம்னு சொல்றாங்க.

— பார்த்தியாக்கா? எல்லாம் இங்க ஒழுகிட்டிருக்கு. அழுத்தம் எங்க இருந்து வரும்? மேட்டுக்குத் தண்ணி எப்படி ஏறும்?

— அண்ணி, இன்னொண்ணு. இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்.

— சொல்லிடு. அடக்கினா உடம்புக்கு ஆகாது.

— நாளைக்குக் குழு வர்ற நேரத்துக்குத் தெருவே காலிக் குடத்தோட இங்க வந்து நிக்கப் போகுது. தவளைக்குத் தண்ணி, எங்களுக்குக் கண்ணீர்னு கத்தப் போறாங்க.

— யாரு கூட்டிட்டு வர்றா?

— எல்லாரும் சேர்ந்துதான்.

— முன்னாடி நிக்கறது யாரு?

— முன்னாடி நான்தான் அண்ணி. குள்ளமா இருக்கேன்னு முன்னாடி நிறுத்திட்டாங்க.

— அந்தக் கண்ணீர் வரி யாரு எழுதினது?

— நான் ஒண்ணும் சொல்லல.

— அக்கா, அவளை விடு. இந்த லீக்கை மூடிட்டா யாரும் குடம் தூக்க மாட்டாங்க.

— மூடிட்டா குழு வரும்போது இங்க சேறுதான் இருக்கும்.

— அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

— ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க. அந்தக் கம்பியக் குடு குட்டி. எப்படி வைக்கணும்? இப்படியா?

— முனைய நல்லா ஊனு. மேல் நுனியக் காதுல வை. மூச்ச அடக்கு. கேக்குதா?

— கேக்குது.

— என்ன கேக்குது?

— சொய்ங்குதுதான்.

— நான் சொல்லல?

— எனக்கும் உள்ளுக்குள்ள உறுத்தல் இருந்துச்சுடா. கரையில ஒரு குச்சிய நட்டு, தண்ணி மட்டத்துல சிவப்புக் கயிறு கட்டியிருக்கேன் பாரு. தினம் வந்து அதைத்தான் முதல்ல பார்ப்பேன். இத்தனை வெயில் அடிக்குது, ஒரு விரல்கூட இறங்கல. ஏறவும் இல்ல. சந்தோஷமாவும் இருக்கும், சந்தேகமாவும் இருக்கும். யாருகிட்டயாவது கேட்டா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு பயம்.

— அக்கா...

— தோண்டு.

— நிஜமாவா சொல்ற?

— குழாய்த் தண்ணின்னா அது ஊர்த் தண்ணி. ஜனங்க வாயில இருந்து பிடுங்கின தண்ணிய வச்சுகிட்டு, பாருங்க நான் மண்ணுக்கு உயிர் குடுத்துட்டேன்னு நாளைக்கு நாலு பேர் முன்னாடி என்னால நிக்க முடியாது. தோண்டுடா, நான் மனசு மாறுறதுக்குள்ள.

— அண்ணி, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா ஒரு நாள்தானே? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே. இத்தனை நாள் பொறுத்த தெரு ஒரு நாள் பொறுக்காதா?

— நீ யார் பக்கம் பேசற?

— இப்போதைக்கு அண்ணி பக்கம். அவங்க முகத்தைப் பாருங்க.

— குடத்தோட சண்டைக்கு வந்தவ நீ.

— குடம் இன்னும் கையிலதான் இருக்கு. அதுக்காகக் கல்லு மனசா எனக்கு?

— வேண்டாம்மா. அவன் தோண்டட்டும். நீ அந்தக் குடத்தை மட்டும் இப்படிக் குடு.

— எதுக்கு அண்ணி?

— கடப்பாரை விழுற இடத்துல பெரியவர் உக்காந்திருக்கார். பத்திரமா வேற இடத்துல வைக்கணும்.

— என் குடத்துலயா?

— காலியாத்தானே இருக்கு? அதான் சொல்லிச் சொல்லிக் காட்டினியே.

— குடிக்கிற குடம் அண்ணி.

— அவரும் தண்ணிக்குள்ள இருக்கறவர்தான். வாங்க, வாங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன். அப்படித்தான். அட, சமத்தா ஏறிட்டார். இந்தா, ஆட்டாம பிடி.

— என்னைப் பார்க்கறார் அண்ணி.

— நீயும் பாரு.

— நீங்க பார்த்துட்டே இருங்க, நான் தொட்டிக்காரருக்குப் போன் போடறேன். ஹலோ, தொட்டிக்காரரே, நான்தான். லீக்கு கிடைச்சிருச்சு, பள்ளத்துக் கரையில. மெயின் வால்வ மூடுங்க... என்னது? மூடியாச்சா? இப்பத்தானே சொன்னேன்... சரி, சரி. வைக்கறேன்.

— என்னடா?

— மூடிட்டாராம்.

— நீ சொல்லி முடிக்கறதுக்குள்ளயா?

— அதான் எனக்கும் புரியல. அந்தச் சக்கரத்தைச் சுத்தறதுக்குள்ள மனுஷன் முதுகு பிடிச்சு உக்காந்துடுவார். இன்னிக்கு என்னவோ சுறுசுறுப்பு. சரி, தள்ளி நில்லுங்க. கரைப் பக்கமாத்தான் குத்தறேன், உன் கோரைக்கு ஒண்ணும் ஆகாது.

— மெதுவா. அந்த வேர் மேல கால வைக்காத. இந்தப் பக்கமா வா.

— பிரசவத்துக்கா வந்திருக்கேன்? தோண்ட விடுக்கா. இந்தா, தட்டுப்பட்டுச்சு. பைப்பு இதான். கைய விட்டுப் பார்க்கறேன். அம்மாடி, விரல் நுழையுது. நல்ல விரிசல்.

— தண்ணி பீச்சுதா?

— குழி பூரா சேத்துத் தண்ணி, இதுல என்ன தெரியும்? ஆனா ஒண்ணு. லீக்கைத் தொட்ட உடனே மூஞ்சி, மீசை, சட்டைப் பை வரைக்கும் நனைஞ்சிடும் எனக்கு. இன்னிக்கு சட்டை காஞ்சே இருக்கு.

— வால்வு மூடியிருக்குல்ல.

— அதான். பைப்புல மிச்சம் இருக்கறது வடியுது போல, இன்னும் கொஞ்சம் சொய்ங்குது. அந்த ரப்பர எடு. மேல இறுக்கற கிளாம்பும் எடு. அடேங்கப்பா.

— என்னங்க?

— ரப்பர் தானாப் போய் அப்பிக்கிச்சு. கைய எடுத்தாலும் விழல. எப்பவும் ஒரு ஆள் அமுக்கிப் பிடிச்சாத்தான் நிக்கும்.

— அது எப்படி?

— கைவாகு. இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது.

— நம்ம வீட்டுச் சமையல்கட்டுக் குழாய் மட்டும் ஏன் உங்க கைவாகுக்கு அடங்க மாட்டேங்குது?

— ஸ்பானர எடு.

— நான் ஒண்ணும் சொல்லல. இந்தாங்க.

— ஒரு சுத்து. இன்னொரு சுத்து. அவ்வளவுதான். கம்பிய வச்சுப் பார்க்கறேன், இரு. ம். ஊமையாயிடுச்சு. லீக்கு குளோஸ்.

— வலிச்சுதாடா அதுக்கு?

— பைப்புக்கா?

— என் பள்ளத்துக்குடா. விடு. நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்.

— தனியா விட்டுட்டு எங்க அண்ணி போறது? நகருங்க, நானும் உக்காறேன். இவரும் உக்காரட்டும். பெரியவரும் இருக்கார்.

— அழாதக்கா.

— நான் அழல. வெயில் கண்ணுல படுது. நாளைக்கு அவங்க வந்தா என்ன காட்டறதுன்னு யோசிக்கறேன். கல்லு இருக்கு. புல்லு இருக்கு, அதுவும் காஞ்சிடும். மழை வந்தா திரும்ப வரும்னு சொல்லலாம். மழை வந்தா எங்க வேணா எதுவும் வரும், அதுக்கு நீங்க எதுக்கும்மான்னு கேப்பாங்க. கேக்கறதுல தப்பும் இல்ல.

— நீ பண்ணின வேலை பொய்யாக்கா? என் கண்ணால பார்த்திருக்கேன். கையெல்லாம் முள்ளுக் காயமா வந்து நிப்ப.

— காயத்தைக் காட்டியா அனுமதி வாங்க முடியும்? ரொம்ப நேரமா உக்காந்திருக்கோம். குச்சியப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. நீ பார்த்துச் சொல்லும்மா, எவ்வளவு இறங்கியிருக்கு?

— கயிறு தெரியல அண்ணி.

— அவுந்து விழுந்திருக்கும்.

— இல்ல அண்ணி. கட்டியிருக்கு. தண்ணிக்குள்ள இருக்கு.

— தண்ணிக்குள்ளயா? கயிறு மட்டத்துலதானே இருக்கணும்?

— அக்கா, என் செருப்பு மிதக்குது.

— எங்க விட்ட?

— கரையிலதான் விட்டேன்.

— அப்ப தண்ணி ஏறுதா?

— லீக்கை மூடினா எப்படிக்கா ஏறும்? நிலம் சரிஞ்சிருக்கும். நீ மண்ணைக் கிண்டி வச்சிருக்க, அதுல...

— இருங்க, போன் அடிக்குது. பக்கத்து வீட்டம்மா. சொல்லுங்கக்கா... என்னது, நூலும் நின்னு போச்சா? இவர் இப்பத்தானே சரி பண்ணினார்... ஆமாக்கா, கொஞ்சம் முன்னாடிதான்... ஏங்க, நீங்க சரி பண்ணின நேரத்துலதான் நின்னுச்சாம். அவங்க மாமியார் பாதித் தலை சோப்போட நிக்கறாங்களாம்.

— வால்வு மூடியிருக்கோம்ல? அதான். இரு, திறக்கச் சொல்றேன். தொட்டிக்காரரே, வேலை முடிஞ்சுது, திறந்து விடுங்க... என்ன முழுங்கறீங்க?... தொட்டியிலயா?... அப்ப நான் மூடச் சொன்னப்ப எதைய்யா மூடினீங்க?... ஐயோ. சரி. வைங்க.

— என்னடா ஆச்சு? ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?

— மோட்டார் எரிஞ்சு நாளாச்சாம். தொட்டியில ஒரு சொட்டு இல்லையாம். ஆபீஸ்ல சொன்னா திட்டுவாங்கன்னு பேசாம இருந்திருக்கார். வால்வ அவர் தொடவே இல்லையாம். எங்க தெருவுல மட்டும் தண்ணி வருதுன்னு கேள்விப்பட்டு அவருக்கே ஆச்சரியமா இருந்துச்சாம்.

— அப்ப இத்தனை நாளா எங்க குழாய்ல வந்தது?

— தெரியல. எனக்கு ஒண்ணும் தெரியல.

— குட்டி, அந்தக் கம்பில கேட்டுச்சே, அது தண்ணி வெளிய வர்ற சத்தமா, உள்ள போற சத்தமா?

— கம்பி அதெல்லாம் சொல்லாதுக்கா. ஓடுதுன்னு மட்டும்தான் சொல்லும். விரிசல்னா தண்ணி வெளியதான் வரும்னு நான்தான்...

— ரப்பர் தானாப் போய் அப்பிக்கிச்சே.

— கைவாகுன்னு நினைச்சேன்.

— நீ சொல்லும்மா. காலைல உன் குடத்துல நெளிஞ்சுதே ஒரு துரு, அதுக்குத் தலை பெருசா, வால் சின்னதா இருந்துச்சா?

— இருந்துச்சு அண்ணி. இப்ப நினைச்சா, லேசா கால்கூட முளைச்சிருந்துச்சு.

— தலைப்பிரட்டை. பெரியவர் பிள்ளை. என்ன பண்ணின அதை?

— வாசல்ல தாமரைத் தொட்டி இருக்கு, அதுல ஊத்திட்டேன். நல்லாத்தான் சுத்திட்டிருந்துச்சு, சத்தியமா.

— அப்ப உங்க பைப்பு என் பள்ளத்துல ஒழுகல. என் பள்ளம்தான் உங்க பைப்புல ஒழுகியிருக்கு. குட்டி, இது ஊத்துடா. நிஜமாவே ஊத்து.

— அழறியா, சிரிக்கறியாக்கா?

— ரெண்டும்தான். கிளாம்பைக் கழட்டு.

— இப்பத்தானே மாட்டினேன்.

— அங்க ஒரு அம்மா சோப்போட நிக்கறாங்கடா.

— கழட்டினா உன் தண்ணி போயிடுமேக்கா.

— இத்தனை நாள் போயிட்டுத்தானே இருந்துச்சு? ஊறறதும் போறதும் ஒண்ணுக்கொண்ணு சரியா இருந்ததாலதான் கயிறு அசையாம இருந்திருக்கு. இப்போதைக்குப் பெரியவர் பிள்ளைங்க உள்ள போகாம விரிசல்ல ஒரு வலையக் கட்டிட்டுத் திறந்து விடு. அப்புறம் ஒழுங்கா ஒரு வால்வு வை. கயித்துக்கு மேல இருக்கற தண்ணி தெருவுக்கு. கயித்துக்குக் கீழ பெரியவருக்கு. எவன் கேட்டாலும் அதுல கை வைக்க விட மாட்டேன். தெருவுல எல்லாரும் கொதிக்க வச்சுத்தானே குடிக்கறீங்க?

— நாங்கல்லாம் கொதிக்க வச்சுத்தான் அண்ணி. இவர்தான் அப்படியே குடிச்சிட்டு ருசியே தனின்னார்.

— அக்கா, எனக்கு வயித்த ஏதோ பண்ணுது.

— இத்தனை நாள் பண்ணாதது இப்பப் பண்ணாது. போய்க் கழட்டு. அம்மா, அந்தக் குடத்தை இப்படிக் கொண்டா, அவரை இறக்கி விடலாம். உன் குடத்தை நல்லாக் கழுவித் தரேன்.

— பரவால்ல அண்ணி, மெதுவா இறக்குங்க. இவ்வளவு நாள் அவர் வீட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு அவரையே வைதிருக்கேன்.

— அதெல்லாம் அவர் மனசுல வச்சுக்க மாட்டார். ஆனா நாளைக்கு உன் தெருவை என்ன பண்றது? குழு வந்து இறங்கும்போது எல்லாரும் காலிக் குடத்தோட நிப்பாங்களே.

— யாரும் காலிக் குடத்தோட வர மாட்டாங்க அண்ணி, எல்லாத்தையும் இங்கயே நிரப்பிக் குழு முன்னாடி வரிசையா வைப்போம், எந்தக் குடத்து மேல லாரிய நிறுத்தப் போறீங்கன்னு அவங்களை நாளைக்கு நான் கேக்கறேன்.